பூனையின் சிறுநீரும் வீட்டுத் தரையும்

நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. மலரின் மணத்தை நாற்றம் என்று கூறுதல் பழைய வழக்கு. இன்றோ அச்சொல் தீய வாடைக்கே உரியதாகிவிட்டது. இதனை இழிபொருட்பேற்றுக்குச் சான்றாக வகுப்பில் எடுத்துக்காட்டுவர் தமிழாசிரியர். ஆயினும் அச்சொல்லின் இன்றைய பொருளை ஐயமற உணர நூல் எதுவும் வேண்டுவதில்லை. பூனை சிறுநீர் கழித்த ஒரு கூடத்து மூலையே போதும்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்த்தலுக்கு 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் நாள் நீங்கிற்று. உரிமம் பெற்று ஒரு வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம் என்று விதி அமைந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடியில் ஒரு வீட்டின் வாடை அடுத்த வீட்டின் வழக்காக மாறுதல் எளிது. வழக்கு முற்றினால் வெளியேற நேர்வது வாயில்லா உயிரேயாகும். ஆதலின் தரையைத் தூய்மை செய்தல் சிறு செயலன்று. அதனை முறையறிந்து செய்தல் வேண்டும்.

நாற்றம் பிறக்கும் வகை

கழித்தவுடன் சிறுநீரில் கடும் வாடை பெரும்பாலும் இராது. அதில் யூரியா என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. தரையில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் சிதைக்கின்றன. மூக்கைத் துளைக்கும் காரநெடி அந்த அம்மோனியாவினுடையது.

பூனைக்கே உரிய மற்றொரு பொருளும் உண்டு. கந்தகம் அடங்கிய அந்த அமினோ அமிலத்தின் பெயர் ஃபெலினின். அது 1953ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. காயடிக்கப்படாத கடுவன் பூனையின் சிறுநீரில் அது மிகுந்திருக்கும். நாள் செல்லச் செல்ல அது சிதைந்து, கந்தக வாடையுள்ள ஆவிகளை வெளிவிடும். இத்தகைய ஆவிகள் மிக நுண்ணிய அளவில் இருப்பினும் மனிதர் மூக்கு உணர்ந்துவிடும்.

அம்மோனியா நீரில் நன்கு கரையும். காற்றிலும் கலந்து அகலும். ஆதலின் ஒருமுறை துடைத்தவுடன் நாற்றம் போயிற்று என்று தோன்றும். ஆனால் சந்துகளில் ஊறி உலர்ந்த பொருள்கள் அங்கேயே கிடக்கின்றன. மழை நாளில் ஈரக்காற்று பட்டதும் அவை மீண்டும் நாறத் தொடங்குகின்றன. நம் நாடுகளில் ஈரமில்லாத நாள் அரிது. வாசனைத் தைலம் தெளித்தல் நாற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது.

வாளவரை தந்த விளக்கம்

யூரியாவைச் சிதைக்கும் நொதிக்கு யூரியேஸ் என்று பெயர். இளமையில் இடக்கையை இழந்தவரான ஜேம்ஸ் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞர், வாளவரை இனப் பயற்றிலிருந்து அந்நொதியை 1926இல் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதமே என்று அவர் கூறியதை அந்நாளில் பலர் ஏற்றிலர். எனினும் 1946இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இச்செய்தி வீட்டுக்கும் பயன்படும். கடைகளில் விற்கும் நொதிக் கலவைகளும் புரதம் கொண்டே செயல்படுகின்றன. முட்டையின் வெண்கரு வெந்நீரில் திரிவதுபோல நொதியும் கொதிநீரில் திரிந்து பயனிழக்கும். வெளுப்பு நீர் பட்டாலும் கெடும். அதற்கு வேண்டுவன குளிர்ந்த நீர், ஈரம், போதிய நேரம் என்னும் மூன்றே.

செய்யும் முறை

முதலில் பழந்துணியாலோ தாளாலோ ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பின்னர்க் குளிர்ந்த நீரால் துடைத்து, நொதிக் கலவையைக் கறையின் எல்லைக்குச் சற்று அப்பாலும் படும்படி ஊற்றவேண்டும். கலத்தின் மேல் குறித்துள்ள நேரம் வரை அது உலராமல் பார்த்தல் நன்று. பழைய கறை எங்குள்ளது என்று தெரியாவிடின், இரவில் விளக்கணைத்துப் புறஊதா விளக்கைப் பிடித்தால் கறை ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தரையின் தன்மையையும் அறிதல் வேண்டும். மெருகிட்ட ஓடு நீரை உறிஞ்சாது. இரண்டு ஓடுகளுக்கு இடையேயுள்ள சிமெண்டுச் சந்து உறிஞ்சும். நாற்றம் தங்குமிடம் அதுவே. சலவைக்கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. வினிகர், எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்கள் அதனை அரித்து மெருகைக் கெடுக்கும். சலவைக்கல் துண்டுகள் பதித்த மொசைக் தரைக்கும் இது பொருந்தும். மரத்தரையில் நீரைத் தேங்க விடலாகாது. அதில் கருத்த கறைக்கு நூற்றுக்கு 3 பங்கு வலிமையுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். அது கந்தக வாடையையும் குறைக்கும். எனினும் அது மரத்தின் நிறத்தை வெளிறச் செய்யுமாதலின், மறைவான ஓரிடத்தில் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் தக்கது.

செய்யத் தகாதவை

சிறுநீரின் மேல் பிளீச் என்னும் வெளுப்பு நீரை ஊற்றுவது பலர் வழக்கம். அம்மோனியாவும் வெளுப்பு நீரும் கூடினால் நுரையீரலைத் தாக்கும் குளோரமின் ஆவி எழும். வெளுப்பு நீரோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் நச்சுக்காற்றே எழும். சாளரம் அடைத்த சிறிய அறையில் இது பேரிடர். பினால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சாகும். அவற்றை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஈரத்தரையில் நடந்த பூனை தன் பாதத்தை நக்குமன்றோ? அம்மோனியா கலந்த தூய்மைப் பொருளும் ஆகாது. அதன் வாடையைச் சிறுநீரின் வாடையாகக் கொண்டு பூனை மீண்டும் அங்கேயே கழிக்கக்கூடும்.

காரணம் அறிதல்

தரை தூய்மையானதோடு பணி முடிந்துவிடாது. மணல்தட்டு தூய்மையற்றிருத்தல், இரண்டு பூனைகளுக்கு ஒரே தட்டு வைத்தல், புதியவர் வருகையால் அஞ்சுதல் ஆகியவற்றாலும் பூனை தரையில் கழிக்கும். நல்ல பழக்கமுள்ள பூனை திடீரெனத் தவறினால், சிறுநீர்ப்பை நோயோ சிறுநீரக நோயோ நீரிழிவோ காரணமாகலாம். கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சொட்டுச் சொட்டாகவே கழிக்குமாயின், சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லாவிடின் சில நாள்களில் அது இறந்துவிடும்.

பூனையை அடிப்பதாலும் அதன் மூக்கைத் தரையில் தேய்ப்பதாலும் அச்சம் வளருமேயன்றிப் பழக்கம் திருந்தாது. அதனால் சொல்ல முடியாத நோயைத் தரையிலுள்ள கறை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆதலின், கறையைத் துடைக்கும்போதே அதன் காரணத்தையும் தேடுதல் வளர்ப்போர் கடனாகும்.