கப்பல் அறைக்கு எதற்கு மூன்று பெட்டி?

பாகான் செராயில் கொமுட்டர் ரயிலேறி பட்டர்வொர்த்; அங்கிருந்து ஃபெரியில் பினாங்கு. உல்லாசக் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹம் துறை அருகில்தான். 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் நம் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியோடு தளத்தில் பாய் விரித்து நாகப்பட்டினம் போனார்கள். நமக்கு அறையே உண்டு, சின்னதுதான்.

துறையில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். கடப்பிதழ், மருந்து, மாற்றுடுப்பு கைப்பையிலேயே இருக்கட்டும். துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். அறைச்சுவர் பெரும்பாலும் இரும்பு. காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும். தொப்பி, பை எல்லாம் அதில்தான் தொங்கும். என் அக்காவுக்கு ரைஸ் குக்கர் இல்லாமல் பயணமே இல்லை! தீ அபாயம் என்று அதையும் இஸ்திரிப் பெட்டியையும் கப்பலில் விடமாட்டார்கள். வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.