டிஸ்க்கில் பொறித்திருக்கும் அந்த எண்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால் பளபளவென்று தெரிகிற இரும்பு வட்டுதான் டிஸ்க். அதன் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். புதிதாக 20 மி.மீ. தடிமனில் வருகிற டிஸ்க்காக இருந்தால் குறைந்தபட்சம் 18 என்கிற மாதிரி இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த அளவுக்கு வந்துவிட்ட டிஸ்க் அதற்கு மேல் காரில் இருக்கக்கூடாது.

நான் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இறங்கி வருகிற வண்டிகள்தான் என் வேலையில் பாதி. பிரேக் பார்க்க வருகிறவர்களிடம், “உங்க டிஸ்க் இப்ப எத்தனை எம்எம் இருக்குதுங்க?” என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு தேய்ந்தது, மாற்றியாயிற்று என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. ஒரு குடும்பமே அந்த வட்டை நம்பி மலை இறங்குகிறது. அதை அளந்து பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் இந்த உயரம் முழுவதும் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, 75 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். அதிலும் முன்சக்கர டிஸ்க் இரண்டுக்கும்தான் பெரிய பங்கு. தேய்ந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு. அதே சூட்டுக்கு அது சீக்கிரம் கொதித்துப்போகும். சூடு பேடுக்கு ஏறினால் பிடிப்பு குறையும். அங்கிருந்து, பேடை அழுத்துகிற கேலிப்பருக்குள் இருக்கிற பிரேக் ஆயிலுக்கு ஏறினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் கட்டும், பெடல் தரைவரைக்கும் போகும். பாதி மலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேடு உரசுகிற இடம் மட்டும்தான் தேயும். டிஸ்க்கின் வெளி ஓரம் தேயாமல் மெல்லிய வரப்பாக நின்றுவிடும். விரலை வெளியே இழுத்தால் நகத்தில் தட்டும். வெர்னியரை மேலிருந்து அப்படியே மாட்டினால் அதன் தாடை அந்த வரப்பின்மேல்தான் உட்காரும். தேய்ந்த டிஸ்க்கும் புது டிஸ்க் அளவைக் காட்டும். வரப்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளே மைக்ரோமீட்டரின் முனையை வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ளாமல் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். பட்டறையில் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்று சொன்னால், கடைந்த பிறகு எத்தனை மி.மீ. மிஞ்சும் என்று கேளுங்கள். குறைந்தபட்ச அளவை ஒட்டி வரும் என்றால் லேத் கூலி வீண், புதுசே வாங்கிவிடுங்கள்.

பேடைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அலாய் வீலின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும்தான். கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பக்கப் பேடுதான் எல்லா உழைப்பையும் வாங்கும். வெளியே பேடின் உரசுகிற மருந்து பாதிக்கு மேல் மிச்சமிருக்க, உள்ளே தகடே தெரிகிற வண்டிகள் இங்கே அடிக்கடி வருகின்றன. சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்க வேண்டும். மருந்து 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பல பேடுகளில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். தேய்மானம் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை ரேடியோ வைத்து மறைக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரோடு கடைக்குப் போங்கள். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம், சில சமயம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் டிஸ்க் வேறுபடும். விட்டம் ஒன்றாக இருந்து கிண்ணத்தின் உயரம் மட்டும் மாறினாலும் கேலிப்பருக்குள் சரியாக உட்காராது. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கலாம். டிஸ்க் மாற்றினால் பேடும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய பேடில் பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்திருக்கும்.

பேடில் எது நல்லது என்று கேட்பார்கள். செராமிக் சத்தமில்லாதது, சக்கரத்தில் கரி அதிகம் படியாது. செமி மெட்டாலிக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். மலைப்பாதையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு நான் இதைத்தான் போடச் சொல்வேன். பிராண்டு பெயரைவிட நான் முதலில் பார்ப்பது பேடின் ஓரத்திலோ முதுகிலோ அச்சடித்திருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25-க்கு மேல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35-க்கு மேல் 0.45 வரை. ‘எஃப்எஃப்’ என்று இருந்தால் சூட்டிலும் அதே வரம்பில் நிற்கிற பேடு. ‘எஃப்இ’ என்றால் சூட்டில் இறங்கிவிடும் என்று பேடே சொல்கிறது. எழுத்தே இல்லாத, பெட்டியில் முகவரிகூட இல்லாத பேடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே என்று சென்னைக்காரர்களே தரமான பிரேக் சாமான் செய்து நாடு முழுக்க அனுப்பும்போது, பேர் தெரியாத பேடுக்கு அவசியமே இல்லை.

மாட்டுகிற வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தில். போன மழைக்காலத்தில் கோத்தகிரிக்காரத் தம்பி ஒருவர் வந்தார். “ஏனுங்கண்ணா, மூணு மாசம் முன்னாடிதான் டிஸ்க்கு, பேடு எல்லாமே புதுசு போட்டதுங்க. இப்ப எம்பதுல பிரேக் புடிச்சா ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குது. டிஸ்க்கு பெண்டாயிருச்சுங்களா?” என்றார்.

“பெண்டெல்லாம் ஆயிருக்காதுங்க தம்பி. கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன், இருங்க” என்றேன்.

டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தில் பழைய துரு அப்படியே செதிலாக இருந்தது. மாட்டியவர்கள் அதைத் துடைக்காமலே புது டிஸ்க்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஹப்பில் 0.05 மி.மீ. துரு இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் அந்தக் கோணல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 சுற்றுச் சுற்றுகிறது. பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் கோணலான பக்கம் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசம் வந்தாலே போதும், கை நடுங்கும். எல்லோரும் பெண்டு என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வுதான். குற்றம் டிஸ்க்கின்மேல் இல்லை, மாட்டிய விதத்தில் இருக்கிறது.

அதனால் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்க்க வேண்டும். நட்டு முளைகளைச் சுற்றியுள்ள வட்டங்களில்தான் துரு ஒளிந்திருக்கும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனர் ஊற்றி இரண்டு பக்கமும் துடைத்த பிறகுதான் மாட்ட வேண்டும். நட்டுகளை இறுக்கி டயல் கேஜை விளிம்பருகே வைத்துச் சுற்றினால் முள் 0.05 மி.மீ.க்குள் ஆடுவது நல்லது. அதைத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு நட்டு தள்ளி மாட்டிப் பார்ப்பேன். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கேலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழியலாம். அது பெயின்ட்டை அரித்துவிடும். கேலிப்பர் பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பேடு தூசியைக் காற்று அடித்துப் பறக்கவிடாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகிறது. பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் என்றால் ஸ்கேனர் இல்லாமல் பிஸ்டனைத் தள்ளக்கூடாது. சக்கர நட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்கு இறுக்குங்கள்.

சாவி கொடுப்பதற்கு முன் பெடலைக் கெட்டியாகும்வரை அடித்து மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

பிரேக் ஆயிலைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

புது ஜோடி போட்டதும் நேரே மலை ஏறிவிடாதீர்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் அறுபதிலிருந்து பதினைந்துக்கு மிதமாகப் பிரேக் பிடித்து, முழுக்க நிற்காமல், மறுபடி வேகமெடுத்து, பத்து முறை போல செய்யுங்கள். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்குச் சடார்ப் பிரேக் வேண்டாம், அவசரம் என்றால் தவிர. அதற்குப் பிறகு ஒருமுறை சக்கர நட்டுகளின் இறுக்கத்தைப் பார்த்துக்கொண்டு மலைக்குக் கிளம்பலாம். பட்டறையில் கேட்டு வாங்கிய புது டிஸ்க்கின் தடிமனைப் பில்லின் பின்னாலேயே தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது அது தேவைப்படும்.