உங்களை இயக்குவது ஒரு முன்னாள் பாக்டீரியா! தெரியுமா?

இந்த வரியை வாசிக்க உங்களுக்குச் சக்தி கொடுப்பது யார் தெரியுமா? மைட்டோகாண்ட்ரியா! பள்ளியில் படம் வரைந்து பாகங்களைக் குறித்தோமே, அதேதான். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது தன்னிச்சையாகத் திரிந்த பாக்டீரியா. வேறொரு நுண்ணுயிரின் செல்லுக்குள் புகுந்தது, வீட்டோடு மாப்பிள்ளையாகவே தங்கிவிட்டது! தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை உட்கருவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மனித மைட்டோகாண்ட்ரியா 37 மரபணுக்களை இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கிறது, பாக்டீரியாவைப் போலவே வட்ட வடிவ டி.என்.ஏ.வில். ஆலமரம், யானை, ஈஸ்ட், அமீபா, நாம்... உட்கரு உள்ள செல்லால் ஆன அத்தனை பேரும் அந்தக் கூட்டணியின் வாரிசுகள்!

முப்பது வயதுகூட ஆகாத உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதைக் கட்டுரையாக எழுதியபோது ஏறக்குறைய பதினைந்து இதழ்கள் திருப்பி அனுப்பின. 1967இல் ஒருவழியாக அச்சேறியது.

சரி, புகுந்தது பாக்டீரியா. இடம் கொடுத்தது யார்? 2015இல் துப்புக் கிடைத்தது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, ‘லோகியின் கோட்டை’ என்னும் கடலடி வெந்நீர் ஊற்றுக்கு அருகே எடுத்த சேற்றில், ஆர்க்கியா வகை நுண்ணுயிரின் டி.என்.ஏ. நம் செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் அதில் இருந்தன! ஆனால் அந்த உயிரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சி குழுவினர் அதற்கும் முன்பே, 2006இல், 2,533 மீட்டர் ஆழத்துச் சேற்றைக் கொண்டுவந்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு உருவான ஸ்பாஞ்ச் கருவியில் விட்டு மீத்தேன் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். 2,000 நாட்களுக்கு மேல்! பிறகு குப்பிகளுக்கு மாற்றி மேலும் பல ஆண்டுகள். கிடைத்தது அதே வகை ஆர்க்கியா. அது இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் ஆகும். நம் குடலில் உள்ள ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். பன்னிரண்டு ஆண்டுப் பொறுமைக்குப் பின், 2020இல் உலகம் பார்த்தது: நீண்ட கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டிச் செல்! அப்படிப்பட்ட கைகளால்தான் நம் மூதாதை ஆர்க்கியா ஆதி பாக்டீரியாவை வளைத்துப் பிடித்திருக்கும் என்பது அவர்களின் ஊகம். ஊகம்தான், ஆனால் எவ்வளவு அழகான ஊகம்!

அந்தக் கூட்டணியின் வாரிசுகளின் கதையைக் கேளுங்கள். காளானுக்குச் செடியைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். வெற்றிலைக் கொடிக்காலையே சாய்க்கும் வாடல் நோய்க் கிருமியைப் ‘பூஞ்சை’ என்போம். அது காளானுக்கு நெருங்கிய உறவே இல்லை, கடலில் வளரும் பழுப்புப் பாசிக்கு உறவு! மலேரியா கிருமிக்குள் ஒளிச்சேர்க்கையை மறந்துபோன பசுங்கணிகத்தின் மிச்சம் கிடக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை தாக்குவது அதைத்தான். சின்சில்லா என்னும் கொறிவிலங்கின் குடலில் கண்டெடுத்த ஓர் ஒற்றைச் செல், மைட்டோகாண்ட்ரியாவை அடியோடு துறந்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறது. 2016இல் இது வெளியானபோது ஆய்வாளர்களுக்கே அதிர்ச்சி.

எனக்குப் பிடித்தது வார்னோவிட். கடலில் மிதக்கும் ஒரே ஒரு செல். அதற்குக் கண் இருக்கிறது! லென்ஸ் உண்டு, கார்னியா மைட்டோகாண்ட்ரியாக்களால் ஆனது, விழித்திரை பழைய பசுங்கணிகத்திலிருந்து வந்தது. மூளை? கிடையாது. பார்த்து என்ன செய்கிறதோ!

செல்லுக்குள் பாக்டீரியா குடியேறுவது என்றோ முடிந்த கதை என்று நினைத்தால், 2024இல் இன்னொன்று. காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கும் வித்தை உட்கரு உள்ள எந்த உயிருக்கும் தெரியாது என்றே படித்தோம். பிராருடோஸ்பேரா என்ற கடல்வாழ் நுண்பாசி அதைச் செய்கிறது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா, இப்போது அதன் உறுப்பாகவே ஆகிவிட்டது. பெயர் நைட்ரோபிளாஸ்ட். பாசி இரண்டாகப் பிரியும்போது இதுவும் கூடவே பிரிகிறது; தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது.