31 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு நாள் போதாது: பாரியோவும் பக்கெலாலானும்

மலாக்கா: நம் பிள்ளைகள் ஆசிரியர் பணிக்குச் சரவாக்கிற்கு அனுப்பப்படுவது புதிதல்ல. கடிதம் வந்ததும் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் பெற்றோர் முதலில் கைப்பேசியில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நம்மவர் ஒருவர் இருக்கிறார், முப்பது கிலோமீட்டர்தான் என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் ஆறும். ஆனால், உட்புறச் சரவாக்கில் வரைபடம் காட்டும் தூரத்தை நம்பிவிட முடியாது.

வட சரவாக்கில் இந்தோனேசிய எல்லையை ஒட்டிய மலைநாட்டில் இரண்டு சிறு விமான நிலையங்கள் உள்ளன. ஒன்று, கெலாபிட் மக்கள் வாழும் பாரியோ. கடைகளில் விலை பார்த்துவிட்டு நாம் திரும்ப வைத்துவிடும் பாரியோ அரிசி அந்த ஊருடையதுதான். மற்றொன்று, லுன் பாவாங் மக்களின் பக்கெலாலான். நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 31 கிலோமீட்டர். ஏறக்குறைய மலாக்கா நகரிலிருந்து தம்பின் வரை உள்ள தூரம்.

அங்கு பறப்பது 19 இருக்கைகள் கொண்ட டுவின் ஓட்டர் விமானம். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 31 கிலோமீட்டரைக் கடக்க ஏழு நிமிடம் போதும். ஆனால் வழக்கமான விமானத் தடங்கள் இவ்விரு ஊர்களையும் வேறு ஊர்களோடுதான் இணைக்கின்றன, ஒன்றோடொன்று அல்ல.

ஆகவே விமானத்தில் போக வேண்டுமானால் பாரியோவிலிருந்து மிரிக்கு 178 கிலோமீட்டர், மிரியிலிருந்து லாவாஸுக்கு 168, அங்கிருந்து பக்கெலாலானுக்கு 100. மொத்தம் ஏறக்குறைய 446 கிலோமீட்டர், அதாவது நேர்த்தூரத்தைப் போல் 14 மடங்கு. இடையில் காத்திருக்கும் நேரம் தனி. காட்டு வழியே நடப்பவர்களுக்குச் சாதாரணமாக மூன்று நாள் பிடிக்கும். சரவாக்கின் ஆக உயரமான மூருட் மலை, 2,400 மீட்டருக்கு மேல், அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

பறக்கும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிரி - பாரியோ தூரத்தை வேகத்தால் வகுத்தால் 40 நிமிடம் வரும். அட்டவணையிலோ சுமார் 50 நிமிடம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை அட்டவணையில் கணக்கு. மேலும், கடல்மட்டத்தில் இருக்கும் மிரியிலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பாரியோவுக்கு ஏறியாக வேண்டும். ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், மேகம் மூடிவிட்டால் காத்திருப்பதும் உண்டு, திரும்பிப் போவதும் உண்டு.

எடையும் முக்கியம். பெட்டி மட்டுமல்ல, பயணியும் தராசில் ஏறி நிற்க வேண்டும். சிறிய விமானம், குட்டையான ஓடுதளம், உயரத்தில் மெலிந்த காற்று. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்கு டின்னுக்கும்தான்.

2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் தொடங்கி நடத்திவந்த இந்த உட்புறச் சேவை, இப்போது சரவாக் அரசின் ஏர்போர்னியோவிடம் வந்துள்ளது. நிறுவனம் மாறினாலும் மலையும் மேகமும் அப்படியேதான் இருக்கின்றன.

தீபாவளிக்குப் பிள்ளை வீடு வர வேண்டுமென்றால் இதையெல்லாம் சேர்த்தே திட்டமிட வேண்டும். சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. மிரியிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், பிறகு மலாக்காவுக்குப் பேருந்து. பாரியோவிலிருந்து காலையில் இறங்கி அன்றே மிரியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் எடுக்காமல், நடுவில் ஓர் இரவு மிரியில் தங்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.