தீயணைப்புக் கருவியும் அதனைக் கையாளும் முறையும்

வாவி சூழ்ந்த மட்டக்களப்பிலே நீருக்குக் குறைவில்லை. எழுவான்கரையில் வாழ்வோர்க்கு ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் உள. படுவான்கரையிலோ குளமும் வாய்க்காலும் உள. ஆதலால், தீப்பற்றினால் ஒரு வாளி நீரே போதுமென்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கிடுகுக் கூரையும் வைக்கோற் போரும் எரியுங்கால் அவ்வெண்ணம் பொருந்தும். மண்ணெண்ணெயும் மின்சாரமும் சமையல் வாயுவும் எங்கும் புழங்கும் இக்காலத்திலோ அதுவே உயிருக்கு உலைவைப்பதாய் முடிதலுங் கூடும்.

தீ நிலைப்பதற்கு எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள ஒட்சிசன் என்னும் மூன்றும் வேண்டும். அவற்றுள் ஒன்றை நீக்கினும் தீ அவியும். நீர் வெப்பத்தைக் கவர்கின்றது. நுரையும் காபனீரொட்சைட்டும் ஒட்சிசனைத் தடுக்கின்றன. உலர்தூள் எரிதலாகிய இரசாயனத் தாக்கத்தையே இடைமறிக்கின்றது. எனவே, தீயைக் கண்டவுடன் எழவேண்டிய முதல் வினா, "எரிவது யாது?" என்பதேயாம்.

மரம், தாள், துணி, வைக்கோல் ஆகியன எரியின் நீர் ஏற்றது. மண்ணெண்ணெய், பெற்றோல் முதலியவற்றின் மீது நீரை ஊற்றின், எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயையும் உடன்கொண்டு பரவும். தாச்சியிற் கொதிக்கும் எண்ணெயில் விழுந்த நீரோ கணப்பொழுதில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசும். அவ்வேளை அடுப்பை நிறுத்தித் தாச்சியை மூடியால் மூடுதலே தக்கது. மின் தீக்கு நீரும் நுரையும் ஆகா. முதலில் மின்னை நிறுத்திப் பின்னர் காபனீரொட்சைட்டையோ உலர்தூளையோ பயன்படுத்துக. வாயு கசிந்து எரியின் அடைப்பிதழை மூடுவதே முதற்பணி. கசிவை நிறுத்தாது சுடரை மட்டும் அணைப்பின், தேங்கிய வாயு பின்னர் வெடிக்கும்.

கருவிகள் பெரும்பாலும் சிவப்பு நிறத்தன. பிரித்தானிய முறைப்படி அமைந்தவற்றில், நுரைக்கு வெண்மஞ்சள், காபனீரொட்சைட்டுக்குக் கறுப்பு, உலர்தூளுக்கு நீலம் என நிறப்பட்டை தீட்டப்பட்டிருக்கும்.

யான் ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் மதுசார விளக்கொன்று கவிழ்ந்து மேசை தீப்பற்றியது. சுவரிலே கருவி தொங்கிற்று. ஆசிரியர் மூவர் அதனை எடுத்தோம். கைப்பிடியை இறுகப் பற்றியவாறே ஊசியை இழுத்தமையால் அஃது அசையவேயில்லை. ஈரச் சாக்கொன்றைக் கொணர்ந்து போர்த்தித் தீயை அணைத்தவர் அங்குப் பணிபுரிந்த சிற்றூழியரே. பட்டம் பெற்ற நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்றோம். அன்று கற்ற பாடமே இக்கட்டுரைக்கு வித்து.

கையாளும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, கைப்பிடியை அழுத்தாது காப்பூசியை உருவுதல். இரண்டாவது, இரண்டு அல்லது மூன்று மீற்றர் தூரத்தில் நின்று குழாய் முனையைச் சுடரின் உச்சிக்கன்றி அடிக்கு நேராகப் பிடித்தல். மூன்றாவது, கைப்பிடியை அழுத்துதல். நான்காவது, தீயின் அடியை இருபுறமும் வீசித் துடைப்பதுபோல் அணைத்தல். காபனீரொட்சைட்டு வெளிப்படும் கூம்பை வெறுங்கையாற் பற்றலாகாது. அவ்வாயு பூச்சியத்துக்குக் கீழ் 78 பாகை செல்சியசு வரை குளிர்ந்து தோலைப் புண்ணாக்கும். சிறிய அறையில் அது மூச்சையும் அடைக்கும்.

சிறு கருவியொன்று தொடர்ந்து இயங்குவது ஏறத்தாழ 10 முதல் 20 விநாடிகளே. ஆதலால் அது தொடக்கத் தீக்கே உரியது. பிறரை எச்சரித்துத் தீயணைப்புப் பிரிவினரை அழைத்த பின்னரே அதனைக் கையிலெடுக்க வேண்டும். வெளியேறும் வாயில் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். தீ கூரையை எட்டினாலோ புகை அறையை நிறைத்தாலோ கருவியைக் கைவிட்டு வெளியேறுதலே அறிவுடைமை. தீ அணைந்த பின்னும் அதற்குப் புறங்காட்டாது பின்வாங்குக.

கருவி தொங்குதல் மட்டும் காவலாகாது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா, ஊசியும் முத்திரையும் உளவா என மாதந்தோறும் நோக்குதல் வேண்டும். காபனீரொட்சைட்டுக் கருவிக்குப் பொதுவாக அழுத்தமானியில்லை; அதனை நிறுத்தே அறிய வேண்டும். ஒருமுறை சிறிதளவு பயன்படுத்தினும் மீண்டும் நிரப்புதல் வேண்டும்.

2004 யூலை 16 ஆந் திகதி கும்பகோணத்துப் பாடசாலையொன்றிலே, மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. அக்கொடுமையை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கிலே, பாடசாலைகள் தீயணைப்புக் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்றும் ஆசிரியர்கள் அவற்றிற் பயிற்சி பெற வேண்டும் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2009 இல் ஆணையிட்டது. ஆணை வருமுன் பெற்றோர் பலரின் இல்லங்கள் இருண்டன.

வருமுன் காவாதவனின் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். படுவான்கரை வயலோரத்திலே வளர்ந்த நமக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறையேனும் ஆசிரியரும் மாணவரும் மைதானத்திற் கூடி, ஊசியை உருவி, தீயை அணைத்துப் பழகுவாராக. சுவரில் தொங்கும் கருவி அன்றுதான் நமக்குரியதாகும்.