பூவா தலையா கேட்கும் கம்பெனிகள்

ஒரு காசைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து இரண்டு தலை விழும்வரை நிறுத்தக் கூடாது. சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும்? இனி இன்னொரு கேள்வி. இந்த முறை தலை விழுந்த கையோடு பூ விழ வேண்டும். அதற்கு எத்தனை முறை?

இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் சொல்லிவிடுவார்கள். உண்மையில் முதல் கேள்விக்கு விடை 6, இரண்டாவதுக்கு 4. தலைக்குப் பிறகு பூவை எதிர்பார்த்து நிற்பவருக்கு மறுபடி தலையே விழுந்தாலும் குடி முழுகிவிடாது. கையில் ஒரு தலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டாவது தலையை எதிர்பார்ப்பவருக்குப் பூ விழுந்தாலோ சேர்த்தது போய்விடும். மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, எதிரே இருப்பவருக்குப் புரியும்படி வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளைத் தேடித்தான் ஆண்டுதோறும் டிசம்பரில் சில கம்பெனிகள் அடையாறை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்துக்கு வருகின்றன.

2024 டிசம்பர் ப்ளேஸ்மென்ட் சமயத்தில், ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் ஒருவரை ஹாங்காங் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 4.3 கோடி ரூபாய்க்கு எடுத்திருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அடிப்படைச் சம்பளம், போனஸ், இடம்பெயரும் செலவு எல்லாம் சேர்ந்த தொகை அது. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பிளஸ் டூ பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளில் அந்த எண் மட்டும் தங்கிவிட்டது. அந்த வேலை என்ன, அதற்கு எப்படித் தயாராவது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் போதுமான அளவு பேசப்படவில்லை. அவற்றைப் பேசாமல் எண்ணை மட்டும் காட்டுவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. ஹெட்ஜ் ஃபண்ட் என்பது பெரும் பணக்காரர்களும் ஓய்வூதிய நிதிகளும் தரும் பணத்தை எடுத்து, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் பார்க்க முயலும் அமைப்பு. 1949இல் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் அமெரிக்காவில் தொடங்கியதைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். நிர்வாகத்துக்கு 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம் என்பது இந்தத் தொழிலின் பழைய கூலிக் கணக்கு. இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி இவை மூன்றாம் வகை ஏ.ஐ.எஃப். (மாற்று முதலீட்டு நிதி) ஆகப் பதிவாகின்றன, ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். ஜேன் ஸ்ட்ரீட், ஆப்டிவர், கிராவிடான் போன்றவை தங்கள் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்பவை. கறாராகச் சொன்னால் ஹெட்ஜ் ஃபண்ட் அல்ல. ஆனால் ஹாஸ்டல் பேச்சில் எல்லாமே ‘குவான்ட்’தான். நேர்காணலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

இந்த வேலைக்கு அடித்தளமான நிகழ்தகவு சென்னைக்குப் புதிதல்ல. லஸ் பக்கம் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீட்டில், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் 1950களின் கடைசியில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்தினார். அண்டக் கதிர்கள் வழியில் மோதிப் பெருகும் துகள்களை நிகழ்தகவால் கணக்கிட்டவர் அவர். நீல்ஸ் போர் 1960இல் சென்னை வந்தபோது அந்தக் கூட்டத்தைக் கண்டு வியந்தார். 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இதே ஊரில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன், மிக அரிதாக நடக்கும் நிகழ்வுகளின் வாய்ப்பைக் கணக்கிடும் கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். அவருடைய மகன் அசோக் வரதன் கோல்ட்மேன் சாக்ஸில் வர்த்தகப் பிரிவின் தலைமைப் பொறுப்புகளுக்கு வந்தார். சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளி தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இயங்கி, 2005இல் சிறுசேரிக்குப் போனது. அதுதான் இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம், மாணவர்கள் வாயில் சி.எம்.ஐ. அங்கே பி.வி. ராவும் ராஜீவ கரந்திகரும் நிகழ்தகவு கற்பித்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய ஸ்டொக்காஸ்டிக் கால்குலஸ் நூல் 2018இல் வந்தது. ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் கணிதத்துக்கு ஸ்டொக்காஸ்டிக் கால்குலஸ்தான் இலக்கணம்.

நேர்காணலுக்கு வருவோம். முதல் சுற்று பெரும்பாலும் கணினியில். ஆப்டிவரின் மனக்கணக்குத் தேர்வில் 8 நிமிடத்தில் 80 கேள்வி. தவறுக்கு மதிப்பெண் குறையும். இதற்குப் பழக்கம்தான் மருந்து, சொல்ல வேறொன்றுமில்லை. அடுத்த சுற்றுகளில் மனிதர்கள் எதிரே உட்காருவார்கள். அங்கே ‘மார்க்கெட் மேக்கிங்’ என்றொரு ஆட்டம் உண்டு.

கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் எத்தனை அடி உயரம் என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே எண்ணைச் சொல்லித் தப்ப முடியாது. இந்த விலைக்கு வாங்குவேன், இந்த விலைக்கு விற்பேன் என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். உஸ்மான் சாலை நகைக்கடை பழைய தங்கத்துக்கு ஒரு விலையும் புதிய தங்கத்துக்கு ஒரு விலையும் வைத்திருப்பது போல. நீங்கள் 80–100 என்கிறீர்கள். அவர் உடனே “100க்கு வாங்கினேன்” என்கிறார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம் என்று ஊகித்து 95–115க்கு நகர்கிறீர்கள். மறுபடி வாங்குகிறார். 110–130 என்கிறீர்கள். அவர் பேசாமல் இருக்கிறார். உண்மையான உயரம் சுமார் 120 அடி. முதல் விற்பனையில் 20 அடியும் இரண்டாவதில் 5 அடியும் இழந்தீர்கள். ஆனால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கோபுரத்தின் உயரம் தெரியாமல் போனதற்காக யாரும் உங்களை வெளியே அனுப்ப மாட்டார்கள். முதலில் சொன்ன 80–100லேயே பிடிவாதமாக நிற்பவரைத்தான் அனுப்புவார்கள். எதிராளி வாங்கியதே ஒரு செய்தி என்பதைக் கேட்கும் காது வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு தெரியாது என்பதையும் எண்ணாகச் சொல்ல வேண்டும். கையைத் தூக்கினால் சரியான விடை மட்டுமே சொல்ல வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் பழக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது கணக்கைவிடக் கடினம். தனியாக உட்கார்ந்து புதிர்ப் புத்தகங்களைத் தின்று தீர்ப்பதைவிட, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து தினம் அரை மணி இந்த ஆட்டத்தை ஆடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஷின்ஃபெங் ஜோவின் நேர்காணல் வழிகாட்டி, மாஸ்டெல்லரின் 50 நிகழ்தகவுக் கணக்குகள், ஷெல்டன் ராஸின் பாடநூல் என்று புத்தகங்களுக்குக் குறைவில்லை. விடைப் பகுதியைத் திருப்பாமல் ஒரே கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டத் தெரிந்தால் ராஸ் ஒன்றே பெரும்பாலும் போதும்.

எவ்வளவு பந்தயம் கட்டுவது என்பது அடுத்த பாடம். விக்டர் ஹகானியும் ரிச்சர்ட் டியூவியும் 2016இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிதி படிக்கும் மாணவர்களும் இளம் நிதித்துறை ஊழியர்களுமாக 61 பேர். கையில் 25 டாலர், அரை மணி நேரம். சுண்டப்படும் காசு 60 சதவீதம் தலை விழும் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அப்படியும் 28 சதவீதம் பேர் அத்தனையும் இழந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் எப்போதாவது ஒரு முறை பூவின் மேல் பணம் கட்டினார்கள்! பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இலேயே இதற்குச் சூத்திரம் தந்திருந்தார். இந்தக் காசுக்கு அது சொல்வது, ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 20 சதவீதம் கட்ட வேண்டும் என்பது. ஹகானி யார் என்பதும் முக்கியம். இரண்டு நோபல் பரிசுக்காரர்களை வைத்துக்கொண்டு 1998இல் கவிழ்ந்த எல்.டி.சி.எம். என்ற ஹெட்ஜ் ஃபண்டின் நிறுவனப் பங்காளிகளில் ஒருவர். பட்டவர் சொல்லும் பாடம்.

ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு டிசம்பர் முதல் தேதி என்பது கடைசி வாய்ப்புதான். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுத்து, கோடை விடுமுறையில் வேலை வாங்கிப் பார்த்து, பிடித்தவர்களுக்கு பி.பி.ஓ. (ப்ளேஸ்மென்ட்டுக்கு முன்பே வேலை உறுதி) கொடுத்துவிடும் கம்பெனிகள் பல. ஆகவே உண்மையான தயாரிப்பு இரண்டாம் ஆண்டிலேயே முடிந்திருக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ., சி பிளஸ் பிளஸ், பைதான் எல்லாம் அதற்குள் கைவந்திருக்க வேண்டும்.

வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. விவேகானந்தா கல்லூரியிலோ ராணி மேரியிலோ கணிதம் படிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் இந்தக் கம்பெனிகள் வாசல் தேடி வருவதில்லை. ஆனால் ஜேன் ஸ்ட்ரீட் மாதந்தோறும் வெளியிடும் புதிரை யாரும் போடலாம். வேர்ல்ட்குவான்ட்டின் சர்வதேசப் போட்டியில் கல்லூரிப் பெயர் பார்க்காமல் நுழையலாம். ஆப்டிவர் ககிள் தளத்தில் உண்மையான சந்தைத் தரவை வைத்துப் போட்டி நடத்தியிருக்கிறது. அடையாறிலிருந்தே ஒருங்கிணைக்கப்படும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குக் கட்டணமில்லை, நிகழ்தகவும் அதில் உண்டு. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தோடு போய்ப் படிக்கவும் இடம் உண்டு. சி.எம்.ஐ. தன் நுழைவுத் தேர்வை மட்டுமே பெரிதாகப் பார்க்கும். முதுகலைக்கு அங்கே போவது எந்தக் கல்லூரி மாணவருக்கும் திறந்திருக்கும் கதவு.

சூத்திரத்தை நம்பாமல், கம்பெனிகளை ஆராய்ந்து பங்கு வாங்கும் ஃபண்டுகளும் உண்டு. தி.நகர் ஆடிட்டர் அலுவலகங்களில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் சி.ஏ. மாணவர்களுக்கு அந்தப் பாதை பொருந்தும். சி.ஏ.வோடு சி.எஃப்.ஏ. சேர்த்து, சென்னையில் யூனிஃபை கேப்பிடல், சுந்தரம் ஆல்டர்னேட்ஸ் போன்ற இடங்களிலோ பங்கு ஆய்வு செய்யும் புரோக்கரேஜ்களிலோ தொடங்கி, பிறகு மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் போகலாம். அங்கே கேட்பது ஒரே கேள்வி: ஒரு பங்கைச் சொல், சந்தை அதில் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று சொல். பழைய லாரிகளுக்குக் கடன் தரும் ஸ்ரீராம் ஃபைனான்ஸைப் பற்றிப் பேசப்போகிறீர்களா? எக்செல் தாள் எல்லோரிடமும் இருக்கும். சங்ககிரிக்குப் பஸ் ஏறி, லாரி உரிமையாளர்களிடம் வாடகை எப்படி, டயர் விலை எப்படி, தவணை எத்தனை மாதம் நிலுவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தவரிடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்காது. அந்த ஊர் தமிழ் பேசும் ஊர் என்பதே உங்கள் அனுகூலம்.

இனி, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் மட்டும் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் செலவைக் கழிக்காத லாபமாகப் பார்த்தார்கள். அதில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்கள் ஈட்டியது. சம்பளக் கவரைப் பிரிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 3 அன்று செபி, ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது இடைக்கால உத்தரவு போட்டு, 4,843.57 கோடி ரூபாயை முடக்கியது. 2024 ஜனவரி 17ஆம் தேதியை உதாரணமாக விவரிக்கிறது உத்தரவு. காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கிக் குவித்துக் குறியீட்டைத் தூக்கி, அதே வேளையில் ஆப்ஷனில் அதற்கு எதிர்த்திசையில் நிலை எடுத்து, பிறகு வாங்கியதையெல்லாம் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பங்குகளிலும் ஃபியூச்சர்களிலும் சுமார் 62 கோடி நஷ்டம், ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம், ஒரே நாளில். நிறுவனம் இதை மறுக்கிறது. விலை வேறுபாட்டைச் சமன்செய்யும் வழக்கமான ஆர்பிட்ரேஜ்தான் என்கிறது. பணத்தைத் தனிக் கணக்கில் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 105 பக்கமுள்ள அந்த உத்தரவை நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சந்தை எப்படி இயங்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் இப்போதைக்கு இல்லை. படித்த பிறகு, ‘இந்த நிரலை என்னை எழுதச் சொன்னால் எழுதுவேனா?’ என்ற கேள்விக்கும் தனக்குள் ஒரு விடை வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவரின் சந்தை லாப வேட்டை இன்னொருவரின் சேமிப்பைப் பறிக்கலாம் என்பது சென்னைக்குத் தெரியாத பாடமும் இல்லை. 1906 அக்டோபரில் அர்புத்நாட் கம்பெனி என்ற வங்கி திவாலானபோது ஓய்வுபெற்றவர்களும் விதவைகளும் சேமிப்பைப் பறிகொடுத்து நின்றார்கள். அதன் லண்டன் பங்காளியின் சூதாட்டம் இங்கே குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கி தொடங்கியது அதன் பின்விளைவுதான்.

வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடும் முன் சம்பளப் பக்கத்தைத் தாண்டிப் படியுங்கள். போனஸில் எவ்வளவு உடனே, எவ்வளவு சில ஆண்டுகள் கழித்து, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கேட்பார்கள்? விலகிய பின் எத்தனை மாதம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? 2024 ஏப்ரலில் ஜேன் ஸ்ட்ரீட், தன்னிடமிருந்து மில்லெனியம் என்ற ஹெட்ஜ் ஃபண்டுக்குப் போன இருவர் மீதும் மில்லெனியம் மீதும் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. தங்கள் உத்தியைத் திருடிவிட்டார்கள் என்று. அந்த உத்தி இந்திய ஆப்ஷன் சந்தைக்கானது என்பது அந்த வழக்கில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. வேலையை விட்ட பிறகு போட்டித் தொழிலுக்குப் போகத் தடைவிதிக்கும் ஒப்பந்தம் இந்தியாவில் பொதுவாகச் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் ஹாங்காங்கிலோ லண்டனிலோ வேலை என்றால் அந்த ஊர்ச் சட்டம் பேசும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரியை முதலில் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.