யவனர் காசும் சங்கப் பாடலும்

அகநானூற்று 149ஆம் பாடலைக் கற்பிக்கும் நாம், யவனர் பொன் தந்து மிளகு பெற்றதை விளக்க, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த உரோமச் செப்புக் காசுகளையும் காட்டிவிடுகிறோம். இது பொருந்தாது. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலாக ஆராய்ந்த அக்காசுகளுள் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டின. சங்க காலத்திற்குப் பிந்தியவை. முன்புறம் மணிமுடி சூடிய பேரரசரின் பக்கவாட்டு முகம். பின்புறம் படைக்கொடியின் இருமருங்கும் ஈட்டி ஏந்திய வீரர் இருவர். சிலவற்றில் மாலைக்குள் சிலுவை. பலவும் எழுத்தே தெரியாவண்ணம் தேய்ந்துள்ளன. பொன்னைப்போல் புதைத்து வைக்கப்படாமல் அங்காடியிற் கைமாறிய சில்லறை என்பதற்கு அத்தேய்வே சான்று எனலாம். இலங்கையிலோ இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே காசு செய்தனர். அவற்றில் இலத்தீன் எழுத்துகள் வெறுங்கோடுகளாயின. உரோம வீரர் குச்சி உருவங்களாயினர். எழுத்தறியாக் கம்மியர், கொள்வோர் கண்ணுக்குப் பழகிய உருவை மட்டும் காத்தனர் போலும்.